கடிகாரம் ஒரு நொடி நகர்ந்தால் திரை முழுவதையும் வரைய வேண்டுமா?

கணினியில் இரண்டு சாளரங்களைத் திறந்து ஒன்றின் மேல் ஒன்று இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பதை மவுஸால் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். அடியில் மறைந்திருந்த எழுத்துகள் வெளியே வருகின்றன. மேல் சாளரத்தின் நிழலும் அதோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போகிறது. எங்கும் கிழிசல் இல்லை, மினுக்கம் இல்லை. இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் லினக்ஸ் பயன்படுத்தியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: திணறிக்கொண்டிருக்கும் ஒரு நிரலின் மேல் இன்னொரு சாளரத்தை இழுத்தால், இழுத்த தடமெல்லாம் அதன் எச்சம் திரையில் அப்பிக்கொண்டு நிற்கும். அடியில் இருக்கும் நிரல் விழித்துக்கொண்டு தன்னைத் திரும்ப வரையும்வரை அது போகாது.

அந்த எச்சத்தை ஒழித்த மென்பொருளுக்குக் கம்பாசிட்டர் என்று பெயர். அது எப்படி வேலை செய்கிறது, அதன் நிரல்வரிகள் ஏன் ஆண்டுகள் போகப்போகச் சிக்கலாகின்றன, திரையைக் கெடுக்காமல் அந்தச் சிக்கலை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதை இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன். கிராஃபிக்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாறி என்றால் என்ன, செயற்கூறு என்றால் என்ன என்று தெரிந்தால் போதும்.

ஆளுக்கொரு பலகை

யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ அமைப்பு 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடி-யில் தொடங்கியது. இன்றும் புழக்கத்தில் இருக்கும் அதன் 11-ஆம் பதிப்பு 1987-இல் வந்தது. நினைவகத்தை எண்ணி எண்ணிச் செலவழித்த காலம் அது. திரைக்கென்று ஒரே ஒரு நினைவகப் பகுதி. எல்லா நிரல்களும் நேராக அதில்தான் வரையும். ஒரு சாளரத்தை இன்னொன்று மறைத்தால், மறைந்த பகுதியின் படப்புள்ளிகளைப் பொதுவாக யாரும் சேமித்து வைப்பதில்லை. மேல் சாளரம் விலகியதும், "உன் சாளரத்தில் இந்தப் பகுதி வெளிப்பட்டுவிட்டது, வரைந்துகொள்" என்று, திரையைக் கையாளும் மைய நிரலான எக்ஸ் சர்வர் அடியில் இருக்கும் நிரலுக்குச் செய்தி அனுப்பும். ஒரே கரும்பலகையில் நான்கு ஆசிரியர்கள் பாடம் எழுதுவதைப் போன்ற ஏற்பாடு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிட்டால், முதலாமவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து மறுபடி எழுதச் சொல்ல வேண்டும். அவர் வரத் தாமதமானால் பலகையில் அரைகுறை எழுத்து நிற்கும்.

கம்பாசிட்டிங் என்பது ஆளுக்கொரு பலகை கொடுத்துவிடுவது. ஒவ்வொரு சாளரத்துக்கும் திரைக்கு வெளியே தனி நினைவகம் கிடைக்கிறது. நிரல்கள் அங்கே வரைந்துகொள்கின்றன. எது மேலே, எது கீழே, எதற்கு நிழல், எது பாதி தெரியும் என்று பார்த்து, அந்தப் படங்களை அடுக்கி ஒரே காட்சியாகத் திரையில் சேர்ப்பது கம்பாசிட்டரின் வேலை. 2001-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் இந்த முறையில்தான் திரையை வரைந்தது. லினக்ஸ் பக்கத்தில் 2004-இல் வெளியான எக்ஸ்.ஆர்க் 6.8 பதிப்பு இதற்கான நீட்டிப்புகளைக் கொண்டுவந்தது. விண்டோஸ் பயனர்களுக்கு 2007-இல் விஸ்டாவோடு வந்தது.

பழைய அச்சகங்களில் ஈய எழுத்துகளைக் கோத்துப் பக்கமாக்கியவரையும் நாம் கம்பாசிட்டர் என்றுதான் அழைத்தோம். பொருத்தமான பெயர். அவர் எழுத்தாளர் அல்லர்; எழுத்துகளை வார்த்தவரும் அல்லர். இருப்பவற்றை எந்த இடத்தில் எந்த வரிசையில் வைப்பது என்பது அவர் கையில் இருந்தது. திரைக் கம்பாசிட்டரும் சாளரத்துக்குள் இருக்கும் ஒரு எழுத்தைக்கூட வரைவதில்லை.

சாளர மேலாளர் என்ற இன்னொரு பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாளரம் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், விசைப்பலகையில் தட்டுவது யாருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அது. லினக்ஸின் மேசைச் சூழல்களான கேடிஇ, க்னோம் ஆகியவற்றின் கேவின், மட்டர் என்ற நிரல்களில் இரண்டு வேலையும் ஒரே நிரலுக்குள் இருக்கின்றன. எக்ஸ் அமைப்பில் கம்பாசிட்டரைத் தனி நிரலாகவும் ஓட்டலாம். நாம் கூர்ந்து பார்க்கப்போவது அப்படித் தனியாக ஓடும் ஒரு குடும்பத்தை.

சேதம் என்ற நல்ல சொல்

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1920×1080 அளவுள்ள திரையில் ஒரு படப்புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு முழுப் படத்துக்கு 82,94,400 பைட் வேண்டும். கிட்டத்தட்ட 8.3 மெகாபைட். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் முழுவதையும் எழுதினால் நொடிக்கு ஏறத்தாழ 498 மெகாபைட். 4கே திரைக்கு அதைப்போல் நான்கு மடங்கு. ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி மட்டுமே. இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுக்கு இது முடியாத காரியம் அல்ல. ஆனால் திரையில் மாறியது மூலையில் இருக்கும் கடிகாரத்தின் நொடி இலக்கம் மட்டும் என்றால், அதற்காக மடிக்கணினியின் பேட்டரியை இப்படிக் கரைப்பது நியாயமா?

அதனால் கம்பாசிட்டர் எதையும் முழுதாக வரைய விரும்பாது. எங்கே மாறியிருக்கிறதோ அங்கே மட்டும் வரையும். மாறிய பகுதிக்கு எக்ஸ் உலகில் வைத்த பெயர் 'டேமேஜ்', அதாவது சேதம். கடிகாரம் தன் பலகையில் இலக்கத்தை மாற்றியதும், "இந்தச் செவ்வகம் சேதமானது" என்ற செய்தி கம்பாசிட்டருக்கு வரும். அது அந்தச் செவ்வகத்துக்குள் எந்தெந்தச் சாளரங்கள் தெரிகின்றன என்று பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் திரையைத் திருத்தும்.

கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. கம்பாசிட்டர் நிரலில் வரும் சிக்கல்களில் பெரும்பங்கு இந்த ஒரு சிக்கனத்திலிருந்து பிறக்கிறது. முழுவதையும் ஒவ்வொரு முறையும் வரைகிற கம்பாசிட்டரை ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். மாறியதை மட்டும் தவறாமல் வரைகிற கம்பாசிட்டர் ஆண்டுக்கணக்கில் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒரு கோப்பு, இரண்டு பொது மாறிகள்

எக்ஸ் அமைப்பின் முக்கியப் பொறியாளர்களில் ஒருவரான கீத் பாக்கார்டு, புதிய நீட்டிப்புகளைச் செயலில் காட்டுவதற்காக எக்ஸ்காம்ப்மேனேஜர் என்ற சிறு கம்பாசிட்டரை எழுதினார். அதன் கையேட்டிலேயே அதற்கு 'மாதிரி' என்றுதான் அறிமுகம். முழு நிரலும் ஒரே ஒரு சி கோப்பு. கம்பாசிட்டிங் கற்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் கொடுக்க விரும்புவது அந்தக் கோப்பைத்தான். அவ்வளவு நேர்மையான நிரல் அது. எதையும் ஒளித்து வைக்கவில்லை.

அதன் இதயம் 'பெயின்ட் ஆல்' என்ற செயற்கூறு. முதலில் சாளரப் பட்டியலை மேலிருந்து கீழாக நடக்கிறது. இதுவரை ஒருமுறைகூட வரையப்படாத சாளரமா, விடு. திரைக்கு வெளியே நிற்கிறதா, விடு. அதன் படத்தை எடுப்பதற்கான கைப்பிடி இல்லையா, இப்போதே உருவாக்கு. சாளரங்களின் அமைப்பு மாறிவிட்டதா, பழைய பரப்புக் கணக்குகளைத் தூக்கி எறிந்து புதிதாகக் கணக்கிடு. சாளரம் முழுதும் ஒளிபுகாததா, இங்கேயே இப்போதே வரைந்துவிட்டு, அதன் பரப்பை 'இன்னும் வரைய வேண்டியது' என்ற கணக்கிலிருந்து கழித்துவிடு. கீழே வந்து சேர்ந்ததும் மிச்சப் பரப்பில் பின்னணிப் படத்தை வரைகிறது. பிறகு திரும்பி, கீழிருந்து மேலாக ஏறிக்கொண்டே நிழல்களையும் பாதி ஒளி ஊடுருவும் சாளரங்களையும் வரைகிறது.

இரண்டு நடை எதற்கு? ஒளிபுகாத சாளரத்தை மேலிருந்து வரைந்து கழித்துக்கொண்டே வந்தால், ஒரு படப்புள்ளியை இரண்டு முறை வரைய நேராது. ஒளி ஊடுருவும் சாளரத்துக்கு அந்த வழி ஒத்துவராது. அதன் நிறத்தில் 70 விழுக்காடும் அடியில் இருக்கும் நிறத்தில் 30 விழுக்காடும் கலக்க வேண்டுமென்றால், அடியில் இருப்பது முன்பே அங்கே இருந்தாக வேண்டும். இந்தக் கலவைக் கணக்கை முறையாக வகுத்தவர்கள் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும்; 1984-இல். இன்றும் எல்லாக் கம்பாசிட்டர்களும் அதையே பின்பற்றுகின்றன.

இந்தச் செயற்கூறு என்னென்ன செய்கிறது என்று மறுபடி பாருங்கள். எது தெரியும் என்று தீர்மானிக்கிறது. பொருள்களை உருவாக்குகிறது. பழையவற்றை அழிக்கிறது. வரைகிறது. அடுத்த நடைக்காகக் குறிப்பும் எழுதி வைக்கிறது. இவற்றோடு இரண்டு பொது மாறிகள் கோப்பு முழுதும் அலைகின்றன: ஒன்று, இதுவரை சேர்ந்த மொத்தச் சேதப் பரப்பு, மற்றொன்று, சாளரங்களின் அமைப்பு மாறியதா என்ற ஆம் அல்லது இல்லை. யார் வேண்டுமானாலும் அவற்றைத் தொடலாம்.

ஒரு மாதிரி நிரலுக்கு இது சரியான அளவு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மாதிரி நிரல்கள் மாதிரியாகவே இருந்துவிடுவதில்லை. மக்கள் அதை அன்றாடம் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதிலிருந்து கிளைத்த ஒரு வடிவத்திலிருந்து காம்ப்டன் வந்தது. காம்ப்டன் 2019-இல் பிக்காம் என்ற பெயரில் தொடர்ந்தது. வழியில் ஒவ்வொரு வசதியாகச் சேர்ந்துகொண்டே போயிற்று: சாளரம் மெல்ல மறைவது, பின்னணியை மங்கலாக்குவது, குறிப்பிட்ட நிரலுக்கு மட்டும் நிழல் வேண்டாம் என்பது, கிராஃபிக்ஸ் கார்டைக் கொண்டு வரைய உதவும் ஓபன்ஜிஎல் மூலம் வரைவது. ஒவ்வொன்றும் அந்தப் பெரிய செயற்கூறுக்குள் ஒரு 'இப்படியானால்' நிபந்தனையாக நுழைந்தது. மூன்று வரி சேர்த்தால் வேலை முடிகிறது என்னும்போது யார்தான் முப்பது வரியை மாற்றி எழுதுவார்கள்? நல்ல எண்ணத்தோடு ஒருவர் பின் ஒருவராகத் திண்ணையைச் சற்று நீட்டிக்கொண்டே வந்து, கடைசியில் தெருவுக்கு வழியில்லாமல் போன கதைதான்.

மறைந்து மறைந்து தோன்றும் அறிவிப்பு

சிக்கல் எப்படி வெளிப்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் நிதானமாகப் பார்க்கலாம். இந்த வேலையை எடுத்துக்கொள்ளும் யாரும் ஒருமுறையாவது இதில் விழுவார்கள்.

கம்பாசிட்டர் நேரே திரையில் வரைவதில்லை. அப்படி வரைந்தால் பாதி வரைந்த நிலை கண்ணுக்குத் தெரிந்துவிடும். திரைப் படத்தை வைத்திருக்கும் நினைவகப் பகுதிகள், அதாவது பஃபர்கள், இரண்டு இருக்கும். அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். அ திரையில் தெரியும்போது ஆ-வில் வரையும். வரைந்து முடிந்ததும் இரண்டும் இடம் மாறும். இப்படித் திரைக்குப் போகும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்.

முதல் ஃபிரேம்: அ-வில் திரை முழுவதும் வரையப்படுகிறது. கடிகாரத்தில் 10:00:01.

இரண்டாம் ஃபிரேம்: ஆ இதுவரை வெறுமையாக இருந்ததால் அதிலும் முழுவதும் வரையப்படுகிறது. கடிகாரம் 10:00:02. அதே நேரத்தில் மேல் மூலையில் ஒரு மின்னஞ்சல் அறிவிப்பு தோன்றுகிறது. அதுவும் ஆ-வில் இருக்கிறது.

மூன்றாம் ஃபிரேம்: மாறியது கடிகாரம் மட்டும். சேதப் பரப்பு, கடிகாரத்தின் சிறிய செவ்வகம். கம்பாசிட்டர் அ-வை எடுத்து அந்தச் செவ்வகத்தில் மட்டும் 10:00:03 என்று வரைந்து திரைக்கு அனுப்புகிறது.

அ-வில் கடைசியாக இருந்தது முதல் ஃபிரேமின் படம். அப்போது அறிவிப்பு வந்திருக்கவில்லை. எனவே மூன்றாம் ஃபிரேமில் அறிவிப்பு காணாமல் போகிறது. நான்காம் ஃபிரேம் ஆ-வில் வரையப்படுகிறது. அறிவிப்பு மறுபடி வருகிறது. ஐந்தில் போகிறது. நொடிக்கொரு முறை கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

திருத்தம் இதுதான்: வரையப்போகும் பஃபருக்கு எத்தனை ஃபிரேம் வயது என்று முதலில் கேட்க வேண்டும். ஓபன்ஜிஎல் சூழலில் இதைக் கேட்பதற்கென்றே ஒரு நீட்டிப்பு இருக்கிறது. 'பஃபர் ஏஜ்' என்பார்கள். வயது 1 என்றால் அதில் இருப்பது போன ஃபிரேம். இப்போதைய சேதத்தை மட்டும் வரைந்தால் போதும். வயது 2 என்றால் அதற்கு முந்தைய ஃபிரேம். இப்போதைய சேதத்தோடு போன ஃபிரேமின் சேதத்தையும் சேர்த்து வரைய வேண்டும். நம் எடுத்துக்காட்டில் மூன்றாம் ஃபிரேமில் அ-வின் வயது 2. போன ஃபிரேமின் சேதத்தில் அறிவிப்பும் அடக்கம். இரண்டையும் சேர்த்து வரைந்திருந்தால் அது காணாமல் போயிருக்காது. வயது 0 என்று பதில் வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று பொருள். முழுவதையும் வரைந்தாக வேண்டும்.

ஆகவே கம்பாசிட்டர் கடந்த சில ஃபிரேம்களின் சேதக் கணக்கை நினைவில் வைத்திருக்க வேண்டும். இப்போது, நிரலைச் சுத்தம் செய்ய ஒருவர் உட்காருகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பழைய சேதங்களின் பட்டியல் ஒன்று கண்ணில் படுகிறது. இப்போதைய சேதம் தனியாக இருக்கும்போது இது எதற்கு என்று நீக்கிவிடுகிறார். அவருடைய கணினியில் கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் எப்போதும் வயது 1 என்றே பதில் சொல்கிறது. எல்லாம் சரியாக ஓடுகிறது. நம்பிக்கையோடு வெளியிடுகிறார். மூன்று பஃபர் வைத்திருக்கும் வேறொரு டிரைவர் உள்ளவருக்குத் திரை சிமிட்டத் தொடங்குகிறது. அவர் அதைப் படம் பிடித்து அனுப்ப முயன்றால், திரையைப் பதிவு செய்யும் நிரல் திரையை முழுவதும் வரைய வைத்துவிடக்கூடும். அப்போது பிழை ஒளிந்துகொள்ளும்.

கம்பாசிட்டர் பிழைகளின் குணமே இது. தவறு நடக்கும் ஃபிரேம் ஒன்று, கண்ணில் படும் ஃபிரேம் இன்னொன்று.

தீர்மானிப்பதும் வரைவதும்

மறுசீரமைப்பு என்றால் நிரல் என்ன செய்கிறது என்பதை மாற்றாமல் எப்படிச் செய்கிறது என்பதை மாற்றுவது. எந்தத் திசையில் மாற்ற வேண்டும் என்று கேட்டால், கம்பாசிட்டரைப் பொறுத்தவரை என்னிடம் ஒரே பதில்தான் உண்டு: எதை வரைய வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதியையும் வரையும் பகுதியையும் பிரித்துவிடுங்கள். மற்றச் சீரமைப்புகள் எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

தீர்மானிக்கும் பகுதிக்கு உள்ளே போவது வெறும் தரவு: சாளரங்களின் பட்டியல், ஒவ்வொன்றின் இடம், அளவு, ஒளிபுகும் அளவு, சேதம்; கடந்த சில ஃபிரேம்களின் அதே பட்டியல்கள்; பஃபரின் வயது. வெளியே வருவதும் வெறும் தரவு: "இந்தப் படத்தை இந்தச் செவ்வகத்துக்குள் இங்கே வை, பிறகு இங்கே மங்கலாக்கு, பிறகு இந்த நிழலை இடு" என்ற கட்டளைப் பட்டியல். கிராஃபிக்ஸ் கார்டோடு இந்தப் பகுதி ஒரு வார்த்தைகூடப் பேசாது. அந்தப் பட்டியலை வாங்கி அப்படியே நிறைவேற்றுவது வரையும் பகுதி. அதற்குச் சாளரம் என்றால் என்னவென்றே தெரிய வேண்டியதில்லை.

பிக்காமின் 2024-ஆம் ஆண்டு 12-ஆம் பதிப்பில் நடந்தது ஏறத்தாழ இதுதான். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முதலில் சாளரங்களின் அடுக்கு ஒரு தளவமைப்பாகப் பதிவாகிறது. அதிலிருந்து வரையும் கட்டளைகள் உருவாகின்றன. கடந்த சில தளவமைப்புகளையும் வைத்திருப்பதால், பஃபரின் வயது 3 என்றால் மூன்று ஃபிரேமுக்கு முன்பிருந்த அடுக்கோடு இன்றைய அடுக்கை ஒப்பிட்டே சேதத்தைக் கண்டுபிடித்துவிட முடிகிறது. நிரலின் பத்து மூலைகளிலிருந்து ஒரு பொது மாறியில் சேதத்தைச் சேர்த்துக்கொண்டிருந்த பழைய முறையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மூலையில் சேர்க்க மறந்தால் திரையில் எச்சம் நிற்கும் என்ற பயம் இங்கே பெருமளவு குறைகிறது.

இந்த இடத்துக்கு ஒரே தாவலில் வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே வரையும் பகுதியை மட்டும் புதிதாக எழுதி, விரும்புபவர்கள் மட்டும் இயக்கிப் பார்க்கும் சோதனைத் தெரிவாக வைத்திருந்தார்கள். பழையது இயல்பாக ஓடிக்கொண்டிருந்தது. புதியது நிலைத்ததும் அதை இயல்பாக்கிவிட்டுப் பழையதை ஒரு தெரிவாகத் தள்ளி வைத்தார்கள். குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிப்பவர்கள் ஓர் அறை முடிந்த பிறகுதான் அடுத்த அறையில் கை வைப்பார்கள். கம்பாசிட்டரிலும் ஆள்கள் குடியிருக்கிறார்கள். அது நின்றால் அவர்களுடைய திரையே போய்விடும்.

மங்கல் என்ற ஆசை

கண்ணாடிக்குப் பின்னால் தெரிவதுபோல் சாளரத்தின் அடியில் இருப்பதை மங்கலாக்கிக் காட்டும் அழகைப் பலரும் விரும்புகிறார்கள். அதன் விலை நிரலில்தான் தெரியும்.

மங்கலாக்குதல் என்பது ஒவ்வொரு படப்புள்ளியின் நிறத்தையும் சுற்றியுள்ள புள்ளிகளோடு கலப்பது. எல்லாப் பக்கமும் 30 புள்ளி தூரம் வரை கலப்பதாகக் கொள்வோம். கண்ணாடிச் சாளரத்தின் அடியில் 100×20 அளவுள்ள கடிகாரம் மாறினால், அதன் தாக்கம் நான்கு பக்கமும் 30 புள்ளி பரவும். சேதம் 160×80 ஆகிறது. 2,000 புள்ளிகள் 12,800 ஆகிவிட்டன, 6.4 மடங்கு. அதோடும் முடியவில்லை. 160×80-இன் ஓரத்தில் இருக்கும் புள்ளியைச் சரியாகக் கலக்க அதற்கும் 30 புள்ளி தள்ளி என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். பஃபரில் அந்த இடத்தில் இருப்பதோ, போன ஃபிரேமில் ஏற்கெனவே மங்கலாக்கி வைத்த படம். அதை எடுத்துக் கலந்தால் மங்கலின் மேல் மங்கல் ஏறி, ஓரத்தில் ஒரு கறை படியும். ஆகவே 220×140 பரப்புக்கு அடியில் இருப்பதைப் புதிதாக வரைந்து, அதிலிருந்து கலந்து, முடிவில் நடுவிலுள்ள 160×80-ஐ மட்டும் திரைக்குக் கொண்டுபோக வேண்டும். இதற்கென்று இடையில் திரைக்கு வராத ஒரு படம் தேவைப்படுகிறது.

இந்தக் கணக்கு ஏழெட்டு 'இப்படியானால்'-களுக்கு நடுவே சிதறிக் கிடந்தால் யாராலும் சரிபார்க்க முடியாது. "சேதத்தை மங்கலின் அளவுக்கு விரி" என்று ஒரே செயற்கூறாக, உள்ளே ஒரு பரப்பு, வெளியே ஒரு பரப்பு என்று இருந்தால், ஒரு பள்ளி மாணவரால்கூடத் தாளில் கட்டம் போட்டுச் சரிபார்க்க முடியும்.

சோதனை

மறுசீரமைப்பு சரியாக நடந்ததற்கு அடையாளம், முன்பும் பின்பும் படம் ஒரு புள்ளிகூட மாறாமல் இருப்பது. இதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய முடியாது. எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒரே காட்சித் தொடரை இரண்டு விதமாக வரைவது: ஒன்று சேதக் கணக்கோடு, மாறியதை மட்டும், மற்றொன்று ஒவ்வொரு ஃபிரேமையும் முழுவதுமாக. இரண்டு படங்களையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட வேண்டும். எங்கே வேறுபடுகிறதோ அங்கே சேதக் கணக்கு தவறு. பஃபரின் வயதை 0, 1, 2, 3 என்று நாமே பொய்யாகக் கொடுத்துப் பார்க்கலாம். மேலே சொன்ன சிமிட்டும் அறிவிப்பு, டிரைவரே இல்லாத கணினியிலும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு இடையே நிறங்களை முழு எண்ணாக்குவதில் சிறு வேறுபாடுகள் இருப்பதால், சோதனையை, மீசா என்ற திறந்த மூல கிராஃபிக்ஸ் தொகுப்பின் எல்எல்விஎம்பைப் போன்ற மென்பொருள் வரைபொறியில் ஓட்டுவது நல்லது. மெல்ல மறையும் சாளரங்களுக்குக் கணினியின் நேரத்தைப் படிக்காமல், நாம் தள்ளினால் மட்டும் நகரும் போலிக் கடிகாரத்தைக் கொடுக்க வேண்டும்.

மாற்றங்களைச் சிறுசிறு கமிட்டுகளாக, அதாவது நிரலின் வரலாற்றில் தனித்தனிப் பதிவுகளாக, வைப்பதும் இதோடு சேர்ந்தது. நகர்த்துவதையும் திருத்துவதையும் ஒரே கமிட்டில் கலக்கக் கூடாது. ஆயிரம் கமிட்டுகளுக்கு இடையே எங்கோ ஒரு பிழை நுழைந்திருந்தாலும், பாதி பாதியாகப் பிரித்துத் தேடினால் பத்து முறை சோதித்தே அதைப் பிடித்துவிடலாம். நிரலின் வரலாற்றைக் காத்துவைக்கும் கிட் என்ற கருவியில் இதற்கு 'பைசெக்ட்' என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் அந்தப் பத்தாவது முறை கையில் வந்து நிற்கும் கமிட் நாலாயிரம் வரி நீளமாக இருந்தால் என்ன பயன்?

காரணமில்லாமல் இருப்பதாகத் தோன்றும் வரிகள்

பழைய நிரலில் சில வரிகள் அசட்டுத்தனமாகத் தோன்றும். எக்ஸ்காம்ப்மேனேஜரில் ஒரு பட்டியல் இருக்கிறது. சர்வருக்கு அனுப்பிய கோரிக்கைகளில் எவற்றுக்குப் பிழைச் செய்தி வந்தால் கண்டுகொள்ள வேண்டாம் என்று அவற்றின் வரிசை எண்களைக் குறித்து வைக்கும் பட்டியல். பிழையைப் புறக்கணிப்பதா என்று முதலில் படிப்பவருக்குக் கோபம் வரும். காரணம் இருக்கிறது. எக்ஸ் சர்வரும் கம்பாசிட்டரும் தனித்தனி நிரல்கள், கடிதப் போக்குவரத்துதான். "இந்தச் சாளரத்தின் கணக்கை முடித்துவிடு" என்று கம்பாசிட்டர் எழுதி அனுப்பி, அது போய்ச் சேர்வதற்குள் அந்தச் சாளரத்தை அதன் உரிமையாளரே மூடியிருப்பார். அப்படிச் சாளரமே இல்லை என்று பதில் வருவது இங்கே இயல்பு. அந்தப் பட்டியலை நீக்கினால் சாளரங்களை மூடும்போதெல்லாம் பிழைச் செய்திகள் வந்து குவியும். அவற்றுக்கு நடுவே உண்மையான பிழை கண்ணுக்குத் தெரியாமல் போகும். அப்படிப்பட்ட வரியைத் தொடுவதற்கு முன் அது வந்த கமிட்டின் வரலாற்றைப் படிக்க வேண்டும். வரலாறு காரணம் சொல்லவில்லை என்றால், காரணத்தைக் கண்டுபிடித்து அந்த வரிக்கு மேலே குறிப்பாக எழுதி வைப்பதே ஒரு நல்ல பங்களிப்பு.

2008-இல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் எக்ஸுக்கு மாற்றாகத் தொடங்கிய வேலண்ட் முறையில் சர்வரும் கம்பாசிட்டரும் ஒன்றே என்பதால் இந்தக் கடிதப் போக்குவரத்துச் சிக்கலில் பெரும்பகுதி எழுவதே இல்லை. ஆனால் இரண்டு உலகத்துக்கும் ஒரே நிரல் சேவை செய்ய வேண்டியிருந்தால் வேறு பாரம் ஏறுகிறது. கேவின் நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது. 2025 ஜூனில் வந்த கேடிஇ-யின் பிளாஸ்மா 6.4-இல் எக்ஸ்11-க்கான கேவினைத் தனிக் களஞ்சியமாகப் பிரித்துவிட்டார்கள். பழையதற்குப் பராமரிப்பு மட்டும். புதியதில் எக்ஸ்11 உடைந்துவிடுமோ என்ற அச்சமில்லாமல் வேலை செய்யலாம். ஒரே நிரலை இரண்டு பிரதியாக்குவது மறுசீரமைப்புப் பாடங்களுக்கு எதிரானதுபோல் தோன்றும். இங்கே அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஒன்று இனி மாறப்போவதில்லை, மற்றொன்று வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது என்னும்போது அவற்றைப் பிணைத்து வைப்பதில் இருவருக்கும் லாபமில்லை.

இவற்றையெல்லாம் கண்ணால் பார்க்க விரும்பினால், கேடிஇ பயன்படுத்துபவர்கள் கேவினில் இருக்கும் 'ஷோ பெயின்ட்' என்ற விளைவை இயக்கிப் பாருங்கள். கம்பாசிட்டர் புதிதாக வரையும் ஒவ்வொரு பகுதியின் மேலும் அது ஒரு நிறத்தைப் பூசிக் காட்டும். எதையும் தொடாமல் சற்று நேரம் இருங்கள். பிறகு ஓர் எழுத்தைத் தட்டுங்கள்; எவ்வளவு பரப்பு நிறம் மாறுகிறது என்று கவனியுங்கள். கண்ணாடிச் சாளரம் ஒன்றைக் கடிகாரத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்தி, ஒரு நொடி காத்திருந்து மறுபடி பாருங்கள்.